நான்காம் பாட்டில் ஒரு பெயர்

கின்ஷாசாவின் நண்பகல் வெயிலில் வேன் நெரிசலில் சிக்கி நிற்கிறது. பதினாறு வயது லாண்டுவின் மடியில் அறுந்த ஒலிநாடா ஒன்று கிடக்கிறது. நான்காம் பாட்டில், பாடகர் அவள் அம்மாவைப் பெயர் சொல்லி விளிக்கும் இடத்தில்தான் அது அறுந்தது. இசைக்குழுவுக்குச் சட்டை தைத்த அம்மா, பதிவு நடந்தபோது அங்கே இருந்தாளாம். லாண்டு பிறந்த ஆண்டே இறந்துவிட்டாள். அந்தப் பாட்டுகளுக்குத்தான் லாண்டு நடை பழகினாள். பாடகர் பெயரின் கடைசி எழுத்தை இழுத்ததை நம்பிப் பள்ளி அட்டையில் தாயின் பெயரை 'லுகேனீ' என்று நெடிலாக எழுதினாள். ஆசிரியர் அதைப் பிழையென்று சிவப்பு மையால் சுழித்தார்.

இப்போது ஓட்டுநரின் ஒலிபெருக்கியில் அதே பாட்டு. பெயர் வந்ததும், ஊர் வழக்கப்படி, வேனே "லுகேனீ!" என்று கூவுகிறது. வீட்டில் லாண்டுவும் கூவிக்கொண்டே கேட்டு வளர்ந்தவள்தான்.

"எவளோ மந்திரி பொண்டாட்டி. காசு குடுத்துப் பேரைச் சொல்ல வச்சிருப்பா," என்கிறாள் பக்கத்து மீன்காரி.

"இல்லக்கா, தையக்காரி. எங்கம்மா."

"ஆமா, எங்கப்பன்தான் கிட்டார் வாசிச்சான்!" என்று நடத்துநன் சிரிக்கிறான்.

லாண்டு பள்ளி அட்டையை நீட்டுகிறாள். சிவப்புச் சுழிக்குள் தாயின் பெயரைப் பார்த்தவனின் சிரிப்பு நின்றுபோகிறது.

"அண்ணே, திருப்பிப் போடுங்க! ஒருத்தரும் கத்தக் கூடாது," என்று ஓட்டுநர் பக்கம் குரல் கொடுக்கிறான்.

வேன் மூச்சடக்குகிறது. பெயர் வருகிறது. அதன் பின்னால், இத்தனை ஆண்டும் கூவலில் அமிழ்ந்து கிடந்த, வெட்கம் கலந்த ஒரு பெண்ணின் சிரிப்பும் வருகிறது.

மீன்காரி சட்டெனத் திரும்புகிறாள். "நீயாடி சிரிச்ச?"

"நான் சிரிக்கலக்கா."