வெள்ளி வந்த வழி

"இந்தக் குறியைப் பாருங்கள்," என்று திரையைக் காட்டினாள் வினுஷா. உருண்டு, வால் நீண்ட ஒரு சிறிய வளைவு.

"ஈஸ்டர் தீவின் எழுத்தை இன்றுவரை யாராலும் வாசிக்க முடியவில்லை. ஆனால் இந்த மரப்பலகையில் இது மட்டும் சம இடைவெளி விட்டு எட்டு முறை வருகிறது. வானத்தில் வெள்ளியும் எட்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் பழைய இடத்துக்குத் திரும்பும். ஆண்டுக்கு ஒன்றாக அதைத்தான் எழுதிவைத்திருக்கிறார்கள்!"

மெல்பேர்ண் அரங்கு எழுந்து நின்று கைதட்டியது. ஆறு வருட உழைப்பு. புத்தகம் நேற்றுத்தான் அச்சாகி வந்திருந்தது.

முன்வரிசையில் அப்பா வரதராஜா மட்டும் எழும்பவில்லை. பலகையின் மங்கிய படங்களைப் பார்த்து, தாளுக்கு இத்தனை குறி என்று அளவாகக் கையால் வரைந்து கொடுத்தவர் அவர். முப்பது வருடம் படவரைஞராக இருந்த கை.

வினுஷா இறங்கி ஓடிவந்தாள். "என்னப்பா, பிடிக்கேல்லையா?"

"பிள்ளை, புத்தகத்தை இனி நிப்பாட்ட ஏலாதோ?"

"ஏலாது. ஏன்?"

"திரையில இருக்கிறது பலகையில இல்லை. அது நான் போட்டது."

"என்னது?"

அப்பா தலை குனிந்தார். "எட்டுத் தாள் வரைஞ்சனான். ஒவ்வொண்டும் தொடங்கேக்க மேல ஒரு பிள்ளையார் சுழி போட்டனான். உனக்குத் தெரியும் எண்டு நினைச்சன்."

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை விட்டுவிட்டு நீச்சலுக்குப் போய் வளர்ந்த வினுஷா, திரும்பித் திரையைப் பார்த்தாள்.

"அந்தக் குறிக்குப் பக்கத்தில் நின்று கொஞ்சம் சிரியுங்கள்," என்று கமராவோடு ஒருவர் கூப்பிட்டார்.

போய் நின்று சிரித்தாள்.