காட்டிக்கொடுத்த ரத்தம்

"ரத்தம் எம்புட்டுப் போகுது?" என்று கேட்டார் டாக்டர் அழகியமணவாளன்.

"ஒரு நாளு கொஞ்சம், ஒரு நாளு நெறைய" என்றார் கூமாப்பட்டி சௌந்தரபாண்டியன், தரையைப் பார்த்தபடி. "கடைசிப் பய பொறந்ததுல இருந்தே லேசா இருக்கு. இப்பம் கூடிப்போச்சு. மாத்திரை எழுதிக் குடுங்க சார், போயிருதேன்."

டாக்டருக்கு உள்ளூரக் குஷி. ஜப்பான் வரை போய்ப் படித்துவிட்டு, குடலுக்குள் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் குழாயோடு ராஜபாளையத்தில் வந்து உட்கார்ந்தவர். எந்த வழியாகக் குழாய் போகும் என்று தெரிந்ததும் வந்தவர்கள் வேட்டியை இறுக்கிக்கொண்டு ஓடியதுதான் மிச்சம்.

"பாக்காம மருந்து தரமாட்டேன். புத்துநோயா இருந்தா என்ன செய்வீங்க?"

சௌந்தரபாண்டியனின் முகம் செத்துப்போனது. "பாத்தாத்தான் மருந்தா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, குடலைக் கழுவும் மருந்தை வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் வெறும் வயிற்றோடு வந்து படுத்தார். துணைக்கு வந்த மனைவி அங்காளம்மாள், வெளுத்த முகத்தோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். புருஷனை நினைத்துப் பயப்படுகிறாள், பாவம் என்று டாக்டருக்கு இரக்கமாக இருந்தது.

டிவியில் குடல் தெரிந்தது. ஓரிடம் லேசாகச் சிவந்திருக்க, டாக்டர் நீல மருந்தைத் தெளித்து லென்ஸைத் திருப்பினார். கடுகத்தனை இடம் திரை முழுக்க விரிந்தது. வரிசையாக இருக்க வேண்டிய நுண்குழிகள் அங்கே தாறுமாறாகக் கிடந்தன.

"புத்துதான். ஆனா பயப்படாதீங்க, இப்பத்தான் முளை விட்டிருக்கு, ஆழமாப் போகல. வயித்தைக் கிழிக்காம குழாய் வழியாவே எடுத்துரலாம்."

டாக்டருக்குப் பெருமை தாங்கவில்லை. "இம்புட்டு சீக்கிரமா யாரும் வந்ததே இல்ல. ரத்தம் போனதாலதான் பொழச்சீங்க!"

சௌந்தரபாண்டியனின் கண்கள் நிறைந்தன. சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார் டாக்டர். பிறகு அவருக்கே ஒரு சந்தேகம் வந்து, குழாயை மெல்ல இழுத்தபடி மறுபடியும் பார்த்தார்.

"ஆனா இத்துனூண்டுல அவ்வளவு ரத்தம் வராதே. வேற எங்கயும் கசிவும் இல்ல. எங்கேருந்துதான் வருது?"

சௌந்தரபாண்டியன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆம்பள டாக்டர்ட்டக் காட்ட மாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்கா சார். மாத்திரையாவது வாங்கிட்டுப் போலாம்னு பொய் சொன்னேன். ரத்தம் போறது எம் பொஞ்சாதிக்கு."