ஓரத்தில் குறித்த மணி

கோவில்பட்டியில் நீட் பயிற்சி மையம் நடத்தும் செண்பகராஜ், வேகம் இல்லாத பிள்ளைகளை ஒரு ஆளாகவே மதிப்பதில்லை. அவர் வைத்த விதி, ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம். ஒரு கேள்வியை முடித்த பிறகுதான் அதன் ஓரத்தில் மணியைக் குறிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வு ஐந்து மணிக்கு முடிந்தபோது, நாகலாபுரத்தில் ஆடு மேய்க்கும் வீட்டுப் பெண் இசக்கிசெல்வி நூற்று அறுபதாவது கேள்வியில்தான் நின்றாள்.

“இன்னும் இருவது நிமிசம் குடுங்க சார், முடிச்சிருதேன்.”

“ஏட்டி, இருவது வருசம் குடுத்தாலும் நீ முடிக்க மாட்ட. டாக்டராம் டாக்டர்! ஆட்டுக்கு ஊசி போடக்கூட நீ லாயக்கில்ல.”

வினாத்தாளைப் பிடுங்கிக்கொண்டார். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

எல்லோரும் போனபின் அவளுடைய தாளைப் புரட்டினார், இளக்காரமாகச் சிரிக்கத்தான். நூற்று அறுபத்தொன்றாவது கேள்விக்கு விடை இருந்தது. ஓரத்தில் அவள் கையெழுத்தில் 5.01. அடுத்ததில் 5.02. கடைசி வரை அப்படியே. இருபதையும் சரிபார்த்தார். ஒன்றுகூடத் தப்பில்லை.

நூற்று எண்பதாவது கேள்வியின் ஓரத்தில் 5.20. அதற்கும் கீழே, கேள்வி எதுவும் இல்லாத இடத்தில் ‘செண்பகராஜ் சார்’ என்று எழுதி, ஓரத்தில் 5.21 என்று குறித்திருந்தது.

நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஐந்து இருபது. நொடிமுள் மேலே ஏறிக்கொண்டிருந்தது.