காம்போடு எடுத்த காய்

தேவாரத்திலிருந்து ஜீப்பில் மலையேறி ஏலக்காய் எடுக்கப் போகிற எங்கள் கூட்டத்தில் உமாதேவி மட்டும்தான் காம்போடு காய் எடுப்பாள். சூப்பர்வைசர் தினமும் ஏசுவார். எடை போடுவதற்கு முன்னால் நான்தான் அவள் பையை வாங்கி, காம்புகளைக் கிள்ளிக் கொடுப்பேன்.

"கிள்ளத்தான் நீ இருக்கயில்ல, ராஜாத்தி" என்பாள்.

ஏழு வருஷம் கிள்ளினேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால், இருபத்தாறு வயதில், காய்ச்சலில் செத்துப்போனாள்.

இந்த சீசனில் ஹேமாவதி என்று ஒருத்தி புதிதாக வந்தாள். உமா நின்ற வரிசையை அவளுக்குக் கொடுத்தார்கள். முதல் நாளே அவள் பை இருபது கிலோ இருந்தது. எனக்கு ஒரு நாளும் பத்தைத் தாண்டியதில்லை. கொட்டிப் பார்த்தால் பாதிக் காய் சுத்தமாக இருந்தது, பாதிக் காயில் காம்பு இருந்தது.

"ரெண்டு பேர் எடுத்த மாதிரில்ல இருக்கு" என்றார் சூப்பர்வைசர்.

எனக்குப் புரிந்துவிட்டது. பயம் வரவில்லை. வயிறுதான் எரிந்தது. ரெண்டு வருஷமாக அடுத்த வரிசையில் தனியாக நிற்கிறேன். ஒரு நாள்கூட என் பையில் ஒரு காம்பு விழுந்ததில்லை.

நேற்று எடைக்கு முன்னால் ஹேமாவதியின் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு கிள்ள ஆரம்பித்தேன். அவள் சண்டைக்கு வரவில்லை. மரியாதையாகத்தான் பையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"விடுங்கக்கா" என்றாள். "இனிமே நான் கிள்ளுனாப் போதும்னு அந்தக்கா சொல்லிட்டாக."