பதினோராம் மாடிக் கிழவர்

ரெக்ஸ்டேல் ஊர் முழுவதிலும் பேய்க்கு அஞ்சாத ஒரே வீரன், அடுக்குமாடிக் காவலாளி சீமோன். அவனே சொன்னது.

பதினோராம் மாடியில் தனியே இருந்த அமெரிக்கக் கிழவர், எலிவேற்றர் கதவைப் பிடித்து, இல்லாத ஒருவரை ஏறவிட்டுத்தான் தான் ஏறுவார்.

"அன்ரனெற் அக்கா, உந்த விசர்க் கிழடு ஆருக்குக் கதவு பிடிக்குது?" என்று துப்புரவு செய்பவளிடம் கேட்டுச் சிரிப்பான் சீமோன்.

தொண்ணூற்றுநாலில் ஒருநாள் காலை பொலிஸ் வந்தது. முப்பது வருடங்களுக்கு முன், அமெரிக்காவில் வாக்குரிமை கேட்ட கறுப்பின இளைஞன் ஒருவனை அடித்துக் கொன்றவராம் கிழவர்.

"பொலிஸ்காரர் வெளிக்கிட முப்பது வருசமாச் சப்பாத்துத் தேடினவையாக்கும்," என்றான் சீமோன்.

கிழவரைக் கொண்டுபோன பின், பதினோராம் மாடியிலிருந்து எலிவேற்றர் வெறுமையாக இறங்கி வந்து திறந்தது. சீமோன் சுற்றுமுற்றும் பார்த்தான். ஓராள் இறங்கும் நேரம் கதவைப் பிடித்திருந்தான். பிறகு போய் முன்கதவையும் திறந்துவிட்டான்.