கோடிச் சேலை

ஜீப் நின்றது. அவள் இறங்கவில்லை.

ஊர் முகப்பில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ். அவள் புருஷன் அதில் சிரித்துக்கொண்டிருந்தான். கல்யாணமான புதிதில் ஸ்டுடியோவில் எடுத்த படம். பக்கத்தில் நின்றவளை வெட்டி எடுத்திருந்தார்கள். அவன் முழங்கையில் மட்டும் நாலு விரல்கள் மிச்சம்.

யாருடைய விரல்கள் என்று ஒரு கணம் யோசித்தாள்.

“உள்ள போகலாமா, இல்ல இப்படியே திரும்பிடலாமா? நீங்க சொல்றதுதான்.”

பிலோமினா மகளிர் உதவி மையத்து ஆலோசகர். எதையும் தானாக முடிவு செய்யமாட்டாள். எல்லாவற்றையும் கேட்பாள். சாப்பிடுறீங்களா, புகார் கொடுக்குறீங்களா, விளக்கை அணைக்கட்டுமா. இத்தனை கேள்விகளை அவளிடம் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. பதில் சொல்லத்தான் இன்னும் பழகவில்லை.

போகாவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தன் கண்ணால் பார்க்காதவரை அவன் செத்ததாக ஆகாது. இனி எல்லாப் பேருந்து நிறுத்தத்திலும் நிற்பான். எல்லாக் கதவுக்குப் பின்னாலும்.

போனால் என்ன ஆகும் என்றுதான் தெரியவில்லை.

இறங்கினாள்.

“வந்துட்டாங்கய்யா மகாராணி, கவர்மென்ட் ஜீப்புல” என்றாள் அவனுடைய அக்கா. மூக்கைச் சிந்திப் போட்டாள். “ஓடிப்போனவளுக்கு இப்பத்தான் வீடு தெரியுது.”

கண்ணாடிப் பெட்டிக்குள் அவன் இருந்தான். மோட்டார் போடக் கிணற்றடிக்குப் போனவன் அப்படியே சரிந்துவிட்டானாம். முகத்தில் யார்மேலும் கோபம் இல்லை. அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

தான் நிற்கும் இடத்தை அதற்குப் பிறகுதான் கவனித்தாள்.

கை எட்டாத தூரம். அந்த வீட்டில் எப்போதும் அவள் நின்ற தூரம்.

கைகளைப் பார்த்தாள்.

கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். வேட்டியின் ஓரத்தில் கிழித்த துணி. ஒற்றை முடிச்சு.

இவ்வளவுதானா.

அதே கைகள்தான் மழைக்காலத்துச் சாயங்காலங்களில் டீயை டம்ளர் மாற்றி டம்ளர் ஆற்றும். அவளுக்குச் சூடு ஆகாது. ஆற்றி, ஒரு வாய் குடித்துப் பார்த்து, பிறகு நீட்டுவான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பிலோமினாவிடம்கூட. சொன்னால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடுமோ என்று பயம்.

சேலை நுனியால் கண்ணைத் துடைத்தாள். எந்தக் கைகளுக்காக என்று தெரியவில்லை.

“பொறந்த வீட்டுக் கோடி எங்கப்பா? நேரமாகுதுல்ல?” என்றார் பந்தலில் ஒரு பெரியவர்.

புருஷனை இழந்தவளுக்குப் புதுச்சேலை பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும். கொண்டுவந்து தோளில் போர்த்த வேண்டும். அவளுக்கு இருந்தது ஒரு அண்ணன். அடிபட்டு அவள் போய் நின்ற அன்று, குழந்தைகள் தூங்குது என்று சொல்லிக் கதவைச் சாத்தியவன். இன்றும் வரவில்லை.

“இவளுக்கு ஏதுடி பொறந்த வீடு?” என்றாள் அக்கா.

பிலோமினா ஜீப்புக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு பாலிதீன் உறை. உள்ளே பிரிக்காத சேலை. பச்சை. அரக்குக் கரை.

அவள் உடுத்தியிருந்ததும் பச்சை. அரக்குக் கரை.

மையத்து அலமாரி நிறைய அதே சேலைதான். துணிக்கடைக்காரர் ஒருவர் விற்காமல் தேங்கியதைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கிழிசலோடும் ரத்தத்தோடும் வருகிறவர்களுக்கு முதலில் அது. ஆடிக் காற்றில் அவள் வந்து விழுந்த அன்று, பிலோமினாதான் உறையைப் பிரித்தாள். புதுத்துணிக் கஞ்சி வாசனை. தோளில் போர்த்திவிட்டு, “உங்களுக்குத்தான், கட்டிக்கிறீங்களா?” என்றாள்.

“நீங்க யாரும்மா அவளுக்கு?” என்றது கூட்டம்.

“இப்போதைக்கு நாங்கதான்.”

பெட்டியின் மூடியைத் தூக்கினார்கள். குளிர் அவள் கால்வரை வந்தது.

பிலோமினாவின் கைப்பேசி அதிர்ந்தது. ஒதுங்கிப் பேசினாள். “எந்த ஊரு? அழாதீங்க. பக்கத்து வீட்டுக்குப் போக முடியுமா?” பேசிக்கொண்டே ஜீப்பைப் பார்த்தாள். மாவட்டத்துக்கே அந்த ஒரு வண்டிதான்.

பிறகு சேலையோடு அவளிடம் வந்தாள்.

“போர்த்தட்டுமா?”

“வேணாம் மேடம். எனக்கு அன்னைக்கே போட்டாச்சு. இது இப்ப போன்ல கூப்பிட்டவங்களுக்கு இருக்கட்டும்.”

பந்தலில் யாருக்கும் புரியவில்லை. சொன்னவளுக்கும் முழுதாகப் புரியவில்லை. அப்படிச் சட்டென்று பதில் வந்ததே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

“கிறுக்குப் புடிச்சிருச்சு இவளுக்கு” என்றாள் அக்கா. இன்னொருத்தி, “விடு மதினி. ஏம்மா, எடுக்கப்போறாங்க, கடைசியா தொட்டாவது பாத்துக்க” என்றாள்.

ஓரடி வைத்தாள். கை எட்டும் தூரம்.

உடம்பு தானாக இடப்பக்கம் சாய்ந்தது. கன்னத்தைக் காப்பாற்றிக்கொள்ள. யாரும் அடிக்கவில்லை.

இன்னும் ஓரடி.

குனிந்தாள். முடிச்சைத் தொட்டாள். பெண்கள் ஓவென்று அழத் தொடங்கினார்கள். அவளும்தான் அழுதாள்.

துணியின் நுனிகள் இரண்டும் அவள் விரல்களில் இருந்தன. அவிழ்க்கவா, இன்னும் கொஞ்சம் இறுக்கவா என்று தெரியாமல் நிமிர்ந்து பிலோமினாவைப் பார்த்தாள்.

பிலோமினா இந்த முறை எதுவும் கேட்கவில்லை.