உப்பு கரைந்த பிறகு

“எலும்பு வளர்க்கச் சொன்னா, பொங்கல் வச்சிருக்கீங்களே!”

ஆய்வகத்தில் பேராசிரியர் தியாகராசன் ஒரு பாலிமர் வில்லையை நீட்டினார். ஆராய்ச்சி மாணவி ஜெயபாரதி குனிந்து பார்த்தாள். வில்லையின் நடுவே ஓர் அரிசி ஊறிப் பருத்துக் கிடந்தது.

பாலிமர் கரைசலில், சலித்து டப்பாவில் வைத்திருக்கும் உப்பைக் கலந்து, வில்லையாகக் காயவைத்து, மூன்று நாள் தண்ணீரில் போடுவார்கள். உப்பு கரைந்து போன இடமெல்லாம் துளைகளாகும். அந்தத் துளைகளில்தான் எலும்புச் செல்கள் குடியேற வேண்டும். வில்லைகள் நாளை மருத்துவக் கல்லூரிக்குப் போயாக வேண்டும்.

“மழைக்கு உப்பு கட்டி தட்டக் கூடாதுன்னு யாரோ டப்பாவுல அரிசியைப் போட்டிருக்காங்க. இது லேபா, அடுப்படியா? பாய், நீங்களா?”

உதவியாளர் அல்லா பிச்சை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

“எங்க வீட்ல போடுவோம் சார். ஆனா ரேஷன் அரிசி வெள்ளையால்ல இருக்கும்? இது செவப்பா இருக்கு.”

“செவப்பா இருந்தா?”

“மாப்பிள்ளைச் சம்பா சார்,” என்றாள் ஜெயபாரதி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. “போன வாரம் உங்க மன்னார்குடி வயல்ல வெளஞ்சதுன்னு எங்களுக்கெல்லாம் கையில அள்ளிக் காட்டுனீங்களே. காட்டிட்டு அந்த அரிசிய எங்க சார் போட்டீங்க?”

தியாகராசனின் பார்வை மெல்ல உப்பு டப்பாவின் பக்கம் போனது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“காலேஜுக்கு நானே போன் பண்ணி நாலு நாள் டைம் கேக்குறேன்.”

பிறகு வில்லையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஆனா ஒண்ணு. மூணு நாள் தண்ணில கெடந்தும் எங்க ஊரு அரிசி ஒடையாம நிக்குது பாத்தீங்களா?”